ஆட்டோடூல்ஸுக்கு மாற்றாக எளிய பில்ட் அமைப்பு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சி மொழியில் எழுதிப் பராமரித்துவரும் திறமூலச் சொற்பிழை திருத்தி ஒன்றை, ஆட்டோடூல்ஸ் என்ற கருவித் தொகுப்பிலிருந்து எளிய பில்ட் அமைப்புக்கு (மூல நிரலை இயங்கும் மென்பொருளாகக் கட்டும் கருவி) மாற்ற எண்ணியுள்ளோம். எது பொருந்தும் என்பதில் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது.

லாஸ்பேட்டை பக்கத்து மாணவர்கள் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) களஞ்சியத்திலிருந்து நிரலை இறக்கி, அதைக் கட்டும் 'மேக்' கட்டளையைக் கொடுத்ததுமே, ஆட்டோடூல்ஸின் ஆட்டோமேக் பகுதியைச் சேர்ந்த 'ஏக்லோக்கல்-1.15' கணினியில் இல்லை என்ற எச்சரிக்கையோடு வேலை நின்றுவிடுகிறது. ஆட்டோடூல்ஸ் தானாக உருவாக்கிய கன்ஃபிகர் கோப்புகளும் (கணினியைச் சோதித்து அமைப்பவை) களஞ்சியத்தில் இருக்கின்றன. கிட் கோப்புகளின் நேரக்குறிப்பைக் காப்பதில்லை என்பதால், அவை பழையவை என்று கருதும் மேக், அவற்றை மீண்டும் உருவாக்க அதே பதிப்பு ஆட்டோமேக்கைத் தேடுகிறது. அக்கோப்புகளைப் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் கட்டளையை இயக்கினால் சரியாகிவிடும்தான்; ஆனால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வந்தவருக்கு ஆட்டோடூல்ஸ் பயன்படுத்தும் எம்4 மேக்ரோ மொழிப் பாடம் நடத்துவது நியாயமாகப் படவில்லை.

மாற்றுகளில் சிமேக் என்ற பில்ட் அமைப்பு எங்கும் கிடைக்கிறது. அதன் மொழிநடைதான் எனக்கு ஒட்டவில்லை. மேக்குக்கான வழிமுறைக் கோப்பான வெறும் மேக்ஃபைல் விண்டோஸில் கைகொடுக்காது. என் மனம் மேசான் என்ற பில்ட் அமைப்பின் பக்கம் சாய்கிறது: கோப்பு படிக்க எளிது, கெட்டெக்ஸ்ட் (மென்பொருள் செய்திகளை மொழிபெயர்க்கும் கருவி) மொழிபெயர்ப்புகளுக்குத் தனித் தொகுதியே உண்டு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் 2017இல் அதற்கு மாறியது. சிக்கல் கல்லூரி ஆய்வகத்தில்தான். அங்கு நிர்வாகி உரிமை கிடையாது. பைத்தானில் எழுதப்பட்ட மேசானையும், அது பயன்படுத்தும் நிஞ்ஜாவையும் பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியே பயனர் கணக்கில் நிறுவலாம் என்றாலும், உபுண்டு 18.04இன் பைத்தான் 3.6 மேசானின் புதிய பதிப்புகளுக்குப் போதாது.

இப்படி மாறியவர்கள், பழைய அமைப்பையும் ஒரு வெளியீடு வரை சேர்த்தே வைத்திருந்தீர்களா, எந்த மேசான் பதிப்பைக் குறைந்தபட்சமாக வைத்தீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.