உணவுக்கு எடுப்பாக அமையும் தட்டுகளை வடிவமைப்பது எப்படி?

சக்கரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மண்பாண்ட வடிவமைப்பு பயின்று வருகிறேன். இறுதியாண்டுப் பணிக்காகத் தட்டுகளும் கிண்ணங்களும் அடங்கிய ஒரு தொகுப்பை உருவாக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஒழுங்கற்ற விளிம்பும், நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கிய குழியும் கொண்ட தட்டுதான் அதில் முதன்மையானது. வரைபடத்தில் அது அழகாகவே இருக்கிறது. ஆனால் மாதிரி ஒன்றைச் செய்து உணவை வைத்துப் பார்த்தபோது, கண் முதலில் தட்டைத் தேடிப் போகிறது. உணவு அதற்குப் பிறகுதான் தெரிகிறது. தட்டின் அளவு, விளிம்பு, நிறம் ஆகியவற்றை எந்த அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும்? புதுமையான வடிவம் எந்த இடத்தில் உணவுக்கு இடையூறாகத் தொடங்குகிறது? சமையல் தொழிலில் இருப்பவர்களும் சூளை வேலை அறிந்தவர்களும் வழிகாட்டினால் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.

அடுப்படி எழுதியது:

இந்தத் தட்டில் எந்த உணவை வைக்கப் போகிறீர்கள் என்பதை உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. நான் தொடங்குவது அங்கிருந்துதான். கத்தியால் அறுத்து உண்ணும் உணவுக்குச் சமதளம் வேண்டும். வளைந்த குழிக்குள் கத்தி சரியாக இறங்காது, தட்டும் ஆடும். கரண்டியால் அள்ளும் உணவுக்கோ, கடைசி வாயை ஒதுக்கி எடுக்க ஒரு சிறு சுவர் தேவை. முழுத் தட்டையான பலகை போன்ற தட்டில் சாறு ஊற்றினால், மேசை சற்றே சாய்ந்திருந்தாலும் அது ஒரு பக்கமாக ஓடிவிடும். சில மில்லிமீட்டர் உயர்ந்த விளிம்பு இருந்தாலே அதைத் தடுத்துவிடலாம். உண்பவரின் கை எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்துக் குழியின் இடத்தை முடிவு செய்தால், நடுவிலிருந்து ஒதுங்கிய குழிக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். காரணம் இல்லாத ஒதுக்கம் உண்பவருக்கு வெறும் கோணலாகவே தெரியும்.

அடுத்தது பார்வைக் கோணம். இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. வடிவமைப்பவர் தட்டை நேர் மேலிருந்து வரைகிறார், புகைப்படக்காரரும் பெரும்பாலும் மேலிருந்தே எடுக்கிறார். ஆனால் நாற்காலியில் அமர்ந்து உண்பவரோ அதைச் சாய்வாகத்தான் பார்க்கிறார். அந்தக் கோணத்தில் வட்டம் நீள்வட்டமாகச் சுருங்குகிறது, ஆழமான கிண்ணத்தின் அருகிலுள்ள சுவர் உணவின் முன்பாதியை மறைத்துவிடுகிறது, மேலிருந்து பார்த்து ரசித்த விளிம்பு வளைவுகளில் பாதி தெரிவதே இல்லை. ஆகவே காகிதத்தை வெட்டி, அட்டையில் சுவர் எழுப்பி, அதில் உண்மையான உணவை வைத்து, அமர்ந்த நிலையிலேயே பாருங்கள். மண்ணைத் தொடுவதற்கு முன்பே பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

அளவைப் பற்றியும் ஒரு செய்தி. ஒரே அளவுள்ள வட்டத்தை அதைவிடச் சற்றே பெரிய வளையத்துக்குள் வைத்தால் பெரிதாகவும், மிகப் பெரிய வளையத்துக்குள் வைத்தால் சிறிதாகவும் தோன்றும் என்பதை ஜோசப் டெல்பாஃப் என்ற பெல்ஜிய அறிஞர் 1865-இல் விளக்கினார். அகன்ற வெற்றிடத்தின் நடுவே சிறிதளவு உணவு இருந்தால் கண் அதன்மீது குவியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வெற்றிடம் அளவு மீறும்போது உணவு போதாதது போன்ற எண்ணம் வந்துவிடுகிறது. விளிம்பின் அகலத்தை முடிவு செய்யும்போது இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெருகு எழுதியது:

நிறம், மேற்பரப்பு, சூளை ஆகியவை குறித்து நான் சொல்கிறேன்.

அருகருகே இருக்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1839-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். பச்சைத் தட்டில் வைத்த தக்காளி இன்னும் சிவப்பாகத் தெரிவதும், பழுப்பு நிறத் தட்டில் வறுத்த உணவு மங்கிப் போவதும் இதனால்தான். வெண்ணிறம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்வார்கள். வெளிறிய உணவுக்கு அது சற்றும் பொருந்தாது. நிறம் சுவை உணர்வையும் தொடுகிறது. பிகேராஸ் ஃபிஸ்மன், சார்லஸ் ஸ்பென்ஸ் முதலியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ராபெர்ரி மூஸ் என்ற நுரைபோன்ற ஒரே இனிப்பைக் கருப்புத் தட்டில் உண்டவர்களைவிட வெள்ளைத் தட்டில் உண்டவர்கள் அதை அதிக இனிப்பானதாக மதிப்பிட்டார்கள். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட இனிப்பைக் கொண்டு செய்த சோதனை. எல்லா உணவுக்கும் அதை விதியாக்க முடியாது.

பளபளப்பான கருநிறக் கிளேஸ் (மண்பாண்டத்தின்மீது பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சு) விளக்கொளியைத் திருப்பி அனுப்புவதால், சாற்றின் மினுமினுப்பு அதோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. பளபளப்பில்லாத மேட் பூச்சில் அந்தப் போட்டி இல்லை. ஈரமான உணவு அதன்மீது தனித்துத் தெரியும். ஆனால் மேட் பூச்சின் நுண்ணிய சொரசொரப்பு கத்தி, முள்கரண்டியின் உலோகத்தைத் தேய்த்து எடுத்துக்கொள்ளும். சில நாட்களிலேயே சாம்பல் நிறக் கீறல்கள் படியும். உணவு தங்கும் இடத்தில் வழவழப்பான பூச்சும் விளிம்பில் மேட் பூச்சும் கொடுப்பதே எனக்குச் சரியென்று படுகிறது.

அகன்ற தட்டையான தட்டுகள் சூளையில் நெளிந்துவிடக்கூடும். ஸ்டோன்வேர் எனப்படும், மிகுந்த சூட்டில் இறுகிக் கெட்டியாகும் மண் ஏறத்தாழ 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் தாங்கல் இல்லாத நடுப்பகுதி தொய்ந்துபோகும். அகலமான தட்டுக்கு, அதைத் தாங்கி நிற்கும் அடிவளையத்தோடு நடுவில் இன்னொரு சிறு வளையமும் கொடுப்பது நல்லது. மண் சுருங்குவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மண் 12 விழுக்காடு சுருங்கும் என்றால், 28 செ.மீ. தட்டு கிடைக்க ஈர மண்ணில் ஏறக்குறைய 31.8 செ.மீ. அளவுக்குச் செய்ய வேண்டும்.

பாதுகாப்பில் எந்தச் சமரசமும் கூடாது. புளிப்பான உணவு சில கிளேஸ்களிலிருந்து நச்சு உலோகங்களான ஈயத்தையும் காட்மியத்தையும் கரைத்தெடுக்கும். கலத்தில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் வைத்து, அதில் கரைந்த உலோகத்தை அளப்பதுதான் ஐஎஸ்ஓ 6486 என்ற பன்னாட்டுத் தரநிலையின் சோதனை. அழகான சிவப்பும் மஞ்சளும் கண்ணைக் கவர்ந்தாலும், ஆய்வகச் சான்று இல்லாமல் அவற்றை உணவு படும் இடத்தில் பூசாதீர்கள்.

சக்கரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அமர்ந்து பார்க்கும் கோணத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. குழி ஒதுங்கிய தட்டைச் சாறு ஊற்றிப் பரிமாறும் மீனுக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது: மீன் சமதளத்திலும், சாறு வலக்கைப் பக்கத்துக் குழியிலும் இருக்கும். ஆனால் இப்படி ஒவ்வொரு வடிவத்துக்கும் பயன்பாட்டைக் காரணமாகச் சொல்லிக்கொண்டே போனால், வியப்பூட்டும் வடிவத்துக்கு இடமே இல்லாமல் போய்விடாதா?

அடுப்படி எழுதியது:

அப்படி ஆகிவிடாது. வியப்பு உண்ணும் செயலிலிருந்தே பிறக்கலாம். சிகாகோவின் அலினியா உணவகத்துக்காக மார்ட்டின் காஸ்ட்னர் என்ற வடிவமைப்பாளர் பல கலங்களை உருவாக்கியிருக்கிறார். அங்கே உருளைக்கிழங்கு உணவு ஒன்று உள்ளங்கையில் அடங்கும் மெழுகுக் கிண்ணத்தில் வரும். கிண்ணத்தில் குளிர்ந்த சூப் இருக்கும். அதன் சுவரைத் துளைத்து நிற்கும் ஊசியில் சூடான உருளைக்கிழங்கு கோக்கப்பட்டிருக்கும். ஊசியை வெளியே இழுத்ததும் கிழங்கு சூப்புக்குள் விழும், உடனே ஒரே வாயில் விழுங்கிவிட வேண்டும். சூடும் குளிர்ச்சியும் வாய்க்குள் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. அதை வெறும் கிண்ணத்தில் கொடுத்திருந்தால் இரண்டும் மேசையிலேயே வெதுவெதுப்பாகியிருக்கும்.

உங்கள் மீன் தட்டும் அந்த வழியில்தான் போகிறது. இரண்டு திருத்தங்களை மட்டும் சொல்கிறேன். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்காகத் தட்டைத் திருப்பி வைத்தாலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். எனவே ஒழுங்கற்ற விளிம்பை ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பதற்கென்று வரையாதீர்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது குழி இருக்கும் பக்கம் ஆடாமல் நிற்கிறதா என்பதை, அடிவளையத்தின் இடத்தை முடிவு செய்வதற்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆடும் தட்டைப் பரபரப்பான சமையலறையில் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள்.