எரர் காயினா, யாரோ பார்த்த கைவேலையா?

எரர் காயின், அதாவது நாணயச்சாலையில் (மின்ட்) தவறாக அடிபட்ட காசு, என்று யார் எதைக் கொடுத்தாலும் நான் முதலில் விலை பேசுவதில்லை. மின்ட்டில் இது எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும் என்றுதான் யோசிப்பேன். தகட்டிலிருந்து வில்லை (அச்சு விழாத வெற்று வட்டம்) வெட்டும்போதா, விளிம்பு எழுப்பும்போதா, அச்சு விழும்போதா? எதிலும் இடமில்லை என்றால் அது வெளியே நடந்த வேலை.

அதிகம் வருவது பத்து ரூபாய்தான். ஒரு கண்காட்சியில் தம்பி ஒருவர் காட்டிய நாணயத்தில், சிங்கமுகம் இருக்க வேண்டிய நடுவட்டத்தில் ரூபாய்க் குறி இருந்தது. கேட்ட விலை ஐயாயிரம்! வளையமும் நடுவட்டமும் தனித்தனியாகச் செய்யப்பட்டாலும், அச்சு விழும் அதே அடியில்தான் இரண்டும் இறுகுகின்றன, டிசைனும் பதிகிறது. அப்புறம் நடுவட்டம் மட்டும் எப்படித் திரும்பும்? லென்ஸ் வைத்துப் பார்த்தால் இணைப்பு ஓரத்தில் நெம்பிய கீறல். நிஜமான பிழையில் நடுவட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், ஆனால் டிசைன் அதன் மேலும் வளையத்தின் மேலும் விட்டுப்போகாமல் ஓடும்.

அடுத்தது லாக்கி. அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் உருவமே பதியும். ஒரு பக்கம் சரியாக இருக்கும், மறுபக்கம் அதே உருவம் குழிவாக, இடவலம் மாறி இருக்கும். முழு லாக்கியில் அந்தப் பக்கத்துக்கு உரிய டிசைன் இருக்கவே கூடாது. எனக்கு வந்த ஒரு ரூபாயில் குழிந்த எழுத்துக்கு அடியில் பழைய எண் நசுங்கிக் கிடந்தது. இரண்டு காசைச் சேர்த்து வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். கொண்டுவந்தவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. சரி, அவர் பாடு.

ஓரம் வெட்டுப்பட்ட நாணயம் என்றால் வெட்டை விட்டுவிட்டு அதற்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். குறைபட்ட வில்லை விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் உருளும்போது, வெட்டு வரும் இடத்தில் பிடிமானம் இருக்காது. எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. அதனால் அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரம் போட்டவர் வெட்டைத்தான் அழகாகச் செய்வார், எதிர்ப்பக்கம் அவர் நினைவுக்கே வராது.

* * *

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு வந்தது மஞ்சள் ஒரு ரூபாய். 1990-களின் ஸ்டீல் காசு, "பித்தளை வில்லையில் தவறி அடித்தது" என்றார் விற்பவர். பித்தளையில் ஒட்டாத காந்தத்தை வைத்தேன், பட்டென்று ஒட்டியது. தராசில் 4.85 கிராம், ஸ்டீல் காசின் அதே எடை. மேலே முலாம், அவ்வளவுதான்.

தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசையும் ஒருவர் கொண்டுவந்தார். நாமே சின்ன வயதில் செய்த வேலை, நம்மிடமே வருகிறது!

* * *

தம்பி, காந்தம் நல்ல யோசனை, ஆனால் 1960-களின் நிக்கல் ஒரு ரூபாயும் ஒட்டும். ஆண்டைப் பார்த்துவிட்டுச் சோதியுங்கள்.

இன்னொன்று. பழைய காசை லட்சங்களுக்கு வாங்குகிறோம், முதலில் கமிஷன் அனுப்புங்கள் என்று யாராவது ரிசர்வ் வங்கி பெயரில் பேசினால் போனை வைத்துவிடுங்கள். அப்படிக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. என் மாமாவுக்கு அந்த அழைப்பு போன மாதமும் வந்தது.