டிரோக்கஸ் புகை விட்டதைப் பார்த்தவங்க இருக்கீங்களா? டேங்க் நத்தை, முட்டை, குஞ்சு: உங்க அனுபவம் சொல்லுங்க

பவழப்பித்தன்:
என் கடல்நீர் டேங்க்ல லைட் அணைஞ்சு கொஞ்ச நேரத்துல டிரோக்கஸ் (கூம்பு ஓடு இருக்கிற, பாசி மேயுற நத்தை) எல்லாம் வரிசையா கண்ணாடில ஏறி, தண்ணி மட்டத்துக்கிட்ட வந்து நின்னுடுச்சு. டார்ச் அடிச்சேன். ஒண்ணு தன்னோட ஓட்டை லேசா தூக்கி, அடியிலிருந்து வெள்ளைப் புகையா விட ஆரம்பிச்சுது. ஒரு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. பக்கத்துல இருந்தது விட்டது புகை இல்ல, பொடி மணிகள். அது மெதுவா கீழ இறங்குச்சு. புகை விந்து, மணிகள் முட்டை; அப்பதான் எது ஆண், எது பெண்ணுன்னே தெரிஞ்சுது. வெளிய பார்த்தா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

ரொம்ப நாள் கழிச்சு ஓவர்ஃப்ளோ பெட்டியை (டேங்க் தண்ணி வழிஞ்சு இறங்குற பெட்டி) துடைக்கும்போது மூலையில குண்டூசித் தலை அளவுல கூம்பு கூம்பா ஒட்டிட்டிருந்துச்சு. பெரியதுங்க ஓட்டுல இருக்கிற அதே பட்டை! இவ்வளவு பம்ப்பையும் தாண்டி எப்படிப் பிழைச்சுதுங்கன்னு இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு.

உப்புக்காத்து:
கொடுத்து வச்சவர் நீங்க. என்கிட்ட இருக்கிற செரித் நத்தை கண்ணாடி பூரா வளைச்சு வளைச்சு வெள்ளைச் சரமா முட்டை போடும். ஒரு தடவை ஹெர்மிட் நண்டு அந்தச் சரத்தோட ஒரு முனையைப் பிடிச்சு, நிதானமா உருவி உருவித் தின்னதை நின்னு பார்த்தேன். குஞ்சுன்னு ஒண்ணு கூட வந்ததில்ல. புகை விடுறப்பவே ரிட்டர்ன் (தண்ணியை டேங்குக்குத் திருப்பி அனுப்புற பம்ப்), ஸ்கிம்மர் (நுரையில அழுக்கைப் பிரிக்கிற கருவி), வேவ்மேக்கர் (உள்ள நீரோட்டம் தர்ற பம்ப்) எல்லாத்தையும் நிறுத்திடணும், அப்பதான் நிறைய தேறும்.

ஆழ்கடல்:
உப்புக்காத்து சகோ, எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றது ஆபத்து. ராத்திரில ஏற்கனவே ஆக்சிஜன் குறைவு. அதுல தண்ணி பூரா விந்தும் முட்டையும். மிஞ்சினது அழுகினா அம்மோனியாவும் ஏறும். ரிட்டர்னை நிறுத்துங்க, ஃபில்டர் சாக்ஸை (தண்ணி வடிகட்டுற துணிப்பை) கழட்டுங்க, யுவி விளக்கு இருந்தா அணைங்க. உள்ள வேவ்மேக்கர் ஓடியே ஆகணும். தண்ணி ரொம்பக் கலங்கினா, மீன் மேல வந்து மூச்சு வாங்கினா, யோசிக்காம ஸ்கிம்மரைப் போடுங்க. குஞ்சை விட மீன் உசுரு முக்கியம்.

இன்னொண்ணு. உங்க செரித்துக்குக் குஞ்சு வராததுக்கு நண்டு மட்டும் காரணம் இல்ல. பெரும்பாலான செரித், நசாரியஸ் நத்தை லார்வாவெல்லாம் பொரிஞ்சதும் தண்ணில மிதந்து பாசித் துகளைத் தின்னுதான் வளரணும். நம்ம டேங்க்ல அதுக்குத் தீனியும் பத்தாது, பம்ப்பும் விடாது. டிரோக்கஸ் லார்வாவுக்கு மஞ்சள் கரு கூடவே இருக்கு. சில நாள்லயே கோரலைன் (கெட்டியா படியுற சுண்ணாம்புப் பாசி) படிஞ்ச கல்லுல இறங்கிடும். பித்தன் அண்ணா கேட்டதுக்குப் பதில் இதுதான்.

சிப்பிக்காரி:
என் அனுபவம் வேற மாதிரி. குட்டி நத்தை வந்துடுச்சுன்னு வீடே சந்தோஷப்பட்டோம். ஆனா டிரைடாக்னா சிப்பி நாளுக்கு நாள் வாயைச் சுருக்கிட்டே வந்துச்சு. நடுராத்திரி டார்ச் அடிச்சா, சிப்பி ஓட்டு விளிம்புல வெள்ளையா, நீளமா, வரிசையா உட்கார்ந்திருக்கு. ஒண்ணொண்ணும் மூக்கை நீட்டிச் சதைக்குள்ள குத்தி உறிஞ்சிட்டிருந்துச்சு. பிரமிடெல்லிட், ஒட்டுண்ணி நத்தை! அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

அதனால குட்டின்னு பார்த்ததும் கொஞ்சம் நிதானியுங்க. எங்க உட்கார்ந்திருக்குன்னு முதல்ல பாருங்க. கண்ணாடில, கல்லுல பாசி மேய்ஞ்சா பெரும்பாலும் நல்லது. சிப்பி ஓரத்துல, டர்போ நத்தை ஓட்டு மேல கூட்டமா ஒட்டியிருந்தா சந்தேகப்படணும். கொலோனிஸ்டான்னு ஒரு குட்டி வகை இருக்கு. வளர்ந்தாலே சில மில்லிமீட்டர்தான், உருண்டையா இருக்கும், வாயை மூடுற மூடி சுண்ணாம்பா கெட்டியா இருக்கும். பாவம், அதைப் பிரமிடெல்லிட்னு நினைச்சு நசுக்கறவங்க நிறைய. பிரமிடெல்லிட் ஓடு நீளக் கூம்பு, மூடி மெல்லிசு. சிப்பியை வெளிய எடுத்து, மென்மையான பிரஷ்ஷால அடிப்பக்கம் வரைக்கும் தேய்ங்க. ஓட்டுல ஒட்டியிருக்கிற வழுவழு முட்டைத் திட்டையும் விடாதீங்க, விட்டா மறுபடி வரும். சிக்ஸ்லைன் ராஸ் மீன் இதைப் பொறுக்கித் தின்னும், ஆனா நல்ல குட்டியையும் சேர்த்துத் தின்னும். அதனால பிரஷ்தான் என் வழி. தாமிரம் கலந்த மருந்து மட்டும் டேங்க் பக்கமே வரக்கூடாது, நத்தை மொத்தமும் போயிடும்.

அலைநுரை:
யாரும் கேட்காம லைவ் ராக்ல (உயிரினங்கள் ஒட்டியிருக்கிற கடல் கல்லு) வந்து பெருகினது எங்க ஸ்டோமடெல்லா நத்தை. கல்லை நகர்த்தும்போது ஒண்ணு மேல விரல் பட்டுடுச்சு. பின்பக்கச் சதையைக் கழட்டி விட்டுட்டு அது ஓடிடுச்சு, கழண்ட துண்டு என் கையில நெளிஞ்சிட்டே இருந்துச்சு. செத்துடும்னு பயந்தேன். அப்புறம் திரும்ப வளர்ந்துடும்னு படிச்சப்பதான் நிம்மதி. அதுவும் டிரோக்கஸ் மாதிரியே புகை விடும்.

உப்புக்காத்து:
ஆழ்கடல் அண்ணா, வேவ்மேக்கர் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ஸ்கிம்மரை முதல் ராத்திரியாவது நிறுத்தணும்னுதான் இன்னும் சொல்வேன். ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்லு) போட்டா ஆக்சிஜன் பிரச்சனை தீர்ந்துடுமே?

பவழப்பித்தன்:
ஏர் ஸ்டோன் நல்ல யோசனை. சிப்பிக்காரி அக்கா சொன்னதைப் படிச்சுட்டு இப்பதான் லென்ஸ் வச்சுப் பார்த்தேன். கூம்பு அகலம், பட்டை இருக்கு, கண்ணாடில பாசி மேயுது. டிரோக்கஸேதான். அந்த மூலையை மட்டும் சுரண்டாம பாசியோட விட்டுட்டேன். தண்ணில கால்சியம் 420 பிபிஎம், கேஎச் (காரத்தன்மை) 8.5ல நிக்குது. குட்டி ஓடு கெட்டிப்பட இது போதுமா, ஆழ்கடல் அண்ணா?