வில்லுப்பாட்டில் சொத்துரிமை பேசினோம்: நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்

பின்பாட்டுக்காரி (தென்காசிப் பக்கம்)

எட்டு வருஷமாக ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுப் பாடுகிறேன். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகவும் இருக்கிறேன். இரண்டும் ஒன்று சேர்ந்த கதை இது.

முன்பெல்லாம் ஊர் ஊராகச் சட்ட முகாம் போடுவோம். சமுதாயக் கூடத்தில் நாற்காலி, ஒரு வக்கீல், கையில் துண்டுப் பிரசுரம். பெண்கள் வருவார்கள், டீ குடிப்பார்கள், "சந்தேகம் இருந்தா கேளுங்கம்மா" என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அண்ணன் தம்பி வாசலில் நிற்கும்போது எந்தப் பெண் பூர்வீகச் சொத்தைப் பற்றிக் கேட்பாள்?

ஒரு கோயில் கொடைத் திருவிழாவில், அநியாயமாகச் செத்துத் தெய்வமான இசக்கியின் கதை பாடி முடித்து, வில்லில் மணியைக் கழற்றிக்கொண்டிருந்தோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு ஆச்சி வந்து முன்பாட்டுப் பாடும் எங்கள் புலவரிடம் சொன்னார்: "செத்த பொறவு பீடம் போட்டுக் கொடை குடுக்கீய. உசிரோட இருக்கையில ஒரு பங்கக் குடுத்திருந்தா அவ ஏன் ஆங்காரமா அலையப் போறா?"

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கதைகளில் பாதி, அநியாயமாகச் செத்த பெண்களின் கதைதான். செத்துத் தெய்வமான பிறகுதான் ஊர் அவளுக்குப் பயப்படுகிறது. சாகாமல், தெய்வமாகாமல், சாதாரணப் பொம்பளையாகவே நியாயம் வாங்கும் ஒருத்தியைப் பாட முடியாதா என்று புலவரிடம் கேட்டேன். ஒரு மாதம் யோசித்து அவர்தான் மெட்டுக் கட்டினார்.

கதை எளிது. அப்பா இறந்த மூன்றாம் மாதம் அண்ணன் கார் எடுத்து வருகிறான். தங்கச்சிக்குப் பட்டுச் சேலை, மதியம் பிரியாணி, நடுவில் பத்திர ஆபீசில் ஒரு கையெழுத்து. விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் நடப்பது இதுதான்.

வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் நாங்கள் "ஆமா" போட வேண்டும், நடுநடுவே கேள்வியும் கேட்க வேண்டும். கூட்டத்தில் இருக்கும் பெண்கள் கேட்க முடியாததை எல்லாம் நாங்கள் கேட்டோம். "ஆமா... அது என்ன கையெழுத்தாம்?" "சும்மா ஒரு பேப்பராம்!" "சும்மா பேப்பருக்கு எதுக்குப் பட்டுச் சேலையாம்?" முதல் நாள் அந்த இடத்தில் பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் எல்லோருக்கும் அந்தச் சேலையைத் தெரிந்திருந்தது.

அவள் பேனாவை எடுக்கும் இடத்தில் உடுக்கை, குடம் எல்லாம் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்போம்: போடட்டுமா, வேண்டாமா? பின்னாலிருந்து ஒரு குரல், "போடாதட்டீ!" உடனே ஒரு அண்ணாச்சி எழுந்து, "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு. பொறவு என்ன பங்கு?" என்றார். அதற்கு ஒரு மதினி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "சீர் நீங்க செஞ்சது. பங்கு அவ அப்பன் வச்சிட்டுப் போனது." அதற்குப் பிறகு வக்கீல் மேடம் மைக்கை வாங்கியபோது ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

அன்றைக்குத்தான் முதன்முதலாக வரிசையாகக் கேள்விகள் வந்தன. ஒரு அக்கா, "எனக்கு 1986-ல கல்யாணம். 89-க்கு முன்னாடி கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாதுன்னு தம்பி சொல்லுதானே?" என்றார். தம்பி சொன்னது ஒரு காலத்துச் சட்டம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 மார்ச் 25-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன்பே கல்யாணமான மகள்களைப் பூர்வீகச் சொத்தில் சேர்க்கவில்லை. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை முறையாகப் பதிவாகியிருந்தாலோ, கோர்ட் தீர்ப்பால் பிரிந்திருந்தாலோ, சொத்தை விற்றிருந்தாலோ அதைத் தொட முடியாது. அக்கா அந்தத் தேதிகளை ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் கையில் எழுத வைத்துக்கொண்டு போனார்.

ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் "ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு ஒண்ணே" என்று மட்டும் பாடினோம். அதைக் கேட்டு நம்பி ஒரு பெண் வந்தார். அவருடைய அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டை மகன் பெயருக்கு உயில் எழுதிவைத்திருந்தார். சுயசம்பாத்தியத்தில் உயில் இல்லாவிட்டால்தான் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்த பிறகு உயிலையும் பாட்டில் சேர்த்துவிட்டோம். மெட்டு கொஞ்சம் இடிக்கிறது, பரவாயில்லை.

தம்பிக்காரன் (விருதுநகர் மாவட்டம்)

நான் ஆண், எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். போன வருஷம் எங்கள் ஊரில் வேறொரு குழு வீதி நாடகம் போட்டது. கல்லூரிப் பிள்ளைகள், தோளில் பறை, பஸ் ஸ்டாப்பில் வட்டம் கட்டி நின்றார்கள். அதிலும் இதே கையெழுத்துக் காட்சி. அப்போது என் சட்டைப் பையில் பத்திர எழுத்தரின் நம்பர் இருந்தது. மறுவாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தோம்.

வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன். "உனக்கு விருப்பமா?" என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நீ முகம் திருப்பிட்டா எனக்குத் தாய்வீடு ஏதுடா? அதுக்குத்தான் போடுறேன்னேன்" என்றாள். எங்கள் இரண்டு ஏக்கரை மூன்றாகப் பிரித்தோம். பெரியப்பா வீட்டில் இன்னும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. அக்கா மகளுக்கு மொட்டை போட்டு என் மடியில்தான் காது குத்தினார்கள்.

வாசல் கோலம் (சென்னை)

நான் வீட்டு வேலை செய்யும் பெண்களோடு வேலை பார்க்கிறேன். எங்களிடம் பாட்டு இல்லை, கோலம்தான். ஒரு மார்ச் 8 அன்று எங்கள் தெருவில் பெண்கள் சேர்ந்து முப்பது வாசலில் கோலம் போட்டார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடி போலச் சுற்றிவிட்டோம். நோட்டீஸ் கொடுத்தால் புருஷன் "என்ன இது?" என்று பிடுங்கிப் பார்ப்பான். கோலத்தை யார் கேள்வி கேட்கிறார்கள்? ஒரு பெண் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே கோலத்தையே போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பத்தாவது நாள் அவரே வந்தார். கணவர் அடித்து வெளியே தள்ளியிருக்கிறார், வீடு மாமியார் பெயரில். மாமியார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து அப்படித் தள்ள முடியாது என்று 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்வதை அன்றைக்குத்தான் அவர் கேள்விப்பட்டார். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டோம். விசாரணை சட்டத்தில் சொன்ன வேகத்தில் நடக்கவில்லை, ஆனால் வீட்டுக்குள் திரும்பப் போய்விட்டார்.

இன்னொன்று: வேலைக்குப் போகும் வீட்டில் பாலியல் தொல்லை என்றால் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம் என்று எங்கள் பெண்களுக்குத் தெரிவதே இல்லை. வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில் வீட்டு வேலைக்காரர்களும் உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதை எப்படிக் கோலமாக்குவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

கடலோரம் (தூத்துக்குடி)

எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். எங்களுக்கும் இதே சட்டமா? வக்கீல் செலவுக்கு என்ன செய்வது?

பின்பாட்டுக்காரி

கடலோரம் அக்கா, உங்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் அப்பா இறந்திருந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்குதான். செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். அதற்குள் யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். எங்கள் 1986 அக்கா நல்லவேளை போடவில்லை. வழக்கு நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா பேத்தியோடு வருகிறார்.

தம்பிக்காரன், உங்கள் அக்கா சொன்ன "தாய்வீடு ஏதுடா" என்ற வரியைக் கதையில் சேர்த்துக்கொள்ளட்டுமா? எங்கள் பாட்டில் தங்கச்சி ஏன் பேனாவை எடுக்கிறாள் என்பதை நாங்கள் சரியாகச் சொல்லவே இல்லை. ஆவணிக் கொடைக்கு முன்னால் புலவரிடம் கொடுக்க வேண்டும்.