புதுப்பிப்பு: கோத்தகிரி டேலியாவும் நத்தைத் தொல்லையும்

மழை பிடித்ததும் டேலியா முளைகளை நத்தை மொட்டையடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செடிகள் தப்பித்துவிட்டன!

சாம்பல் தூவச் சொன்னார்கள் பலர். காய்ந்திருக்கும் வரை சரி. இங்கே பெய்யும் தூறலில் ஒரே இரவில் சேறாகிவிடுகிறது. உண்மையில் கைகொடுத்தது ஈரச் சாக்குதான். சாயங்காலம் பாத்தி ஓரத்தில் முட்டைக்கோஸின் வெளி இலைகளைப் போட்டு, மேலே சாக்கை விரித்துவிடுவேன். விடிந்ததும் புரட்டினால் ஓடுள்ளதும் ஓடில்லாததுமாக அடியில் அப்பிக்கொண்டிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டியதுதான். (உப்பைப் பாத்தியில் தூவிவிடாதீர்கள், செடி கருகிவிடும்.) இரவில் பாத்தி ஈரமாக இருந்தால் நத்தைக்கு வசதி என்பதால், தண்ணீர் ஊற்றுவதையும் காலைக்கு மாற்றிவிட்டேன்.

நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு விஷக் குருணை எனக்கு வேண்டவே வேண்டாம். நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது எவ்வளவோ மேல்.

அப்புறம், நத்தை முளையைத் தரையோடு தின்றுவிட்டாலும் டேலியாக் கிழங்கைத் தோண்டி எறிந்துவிடாதீர்கள். தண்டோடு சேரும் கழுத்தில் கண் (முளைவிடும் புள்ளி) இருந்தால் மறுபடி முளைக்கும். என் மஞ்சள் டேலியாவில், கடித்த தண்டின் பக்கத்திலேயே செம்பழுப்பாக இரண்டு முளை வந்தது. இப்போது முழங்கால் உயரம், குச்சி நட்டுக் கட்டியாயிற்று. கிழங்கு கேட்டவர்களுக்கு: பூத்து ஓயட்டும், பிரித்துத் தருகிறேன்.