முதல் பிள்ளை, கொழும்பில் எந்த ஆஸ்பத்திரி? வெள்ளவத்தையில் இருக்கிறோம்

வெள்ளவத்தை வாசி:

வணக்கம். எனக்கு 22ஆவது கிழமை நடக்கிறது, முதல் பிள்ளை. கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறோம், இவருக்குக் கோட்டையில் வேலை. இரண்டு கிழமையாக வீட்டில் ஒரே கதைதான், பிள்ளையை எங்கே பெறுவது என்று.

அம்மா கோண்டாவிலில் இருக்கிறார். முதல் பிள்ளை தாய் வீட்டில்தான், ஏழாம் மாதம் வந்துவிடு, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது என்கிறார். மாமியோ தன் மகள் பெற்ற பிரைவேட் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு பேச்சே பேசமாட்டேன் என்கிறார். ஏசி அறை, சாப்பாட்டுக்கு மெனு கார்ட், போகும்போது பிள்ளைக்குப் பை எல்லாம் கொடுத்தார்களாம். கிளினிக்கில் குடும்பநல மிஸ் (எங்கள் பகுதி அரசாங்க மிட்வைஃப்) "எதுக்குக் காசைக் கொட்டுறீங்கள், அரசாங்கத்துக்கே போங்கோ" என்றார். இவரைக் கேட்டால் "உனக்கு எது விருப்பமோ" என்பார். அது பதிலா?

உண்மையைச் சொன்னால் எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் பயம். ஏசுவார்கள், ஒருவரையும் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எனக்குச் சிங்களமும் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். இப்போது பின்னேரங்களில் ஒரு பிரைவேட்டில் விஓஜியிடம், அதாவது மகப்பேற்று விசேட டொக்டரிடம், காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டுகிறேன். ஸ்கான் எல்லாம் நல்லது என்றார். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் சீனி டெஸ்ட் கட்டாயம் செய்யவேண்டும் என்றும் சொன்னார், அது இன்னும் செய்யவில்லை. கொழும்பில் பிள்ளை பெற்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். விளம்பரம் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

தெமட்டகொட அக்கா:

தங்கச்சி, எனக்கு இரண்டும் அரசாங்கத்தில்தான், எது என்று பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் திட்டவும் போகிறேன்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். நிறைமாத வயிற்றோடு பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கவேண்டும். இவரைப் பார்வை நேரத்தில் மட்டும்தான் கண்டேன், அதுவும் அவர் ஆபீஸிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விடும். கத்தினதுக்கு ஒரு அட்டெண்டன்ட் ஏசின ஏச்சு ஏழு வருடமாகியும் மறக்கவில்லை. கொண்டுபோன சாமானில் ஒரு துவாயும் காணாமல் போனது, அது பரவாயில்லை.

இப்போது நல்லது. பிள்ளை பிறந்து கொஞ்ச நேரத்தில் எனக்கு இரத்தம் நிற்காமல் போனது. இரவு ஒன்றரை மணி இருக்கும். மிட்வைஃப் மிஸ் ஒரு சத்தம்தான் போட்டார், எங்கே இருந்து வந்தார்களோ தெரியாது, கட்டிலைச் சுற்றி நாலைந்து டொக்டர்மார். ஒருவர் வயிற்றை அமத்துகிறார், ஒருவர் கையில் ஊசி ஏற்றுகிறார், ஒருவர் இரத்தத்துக்கு ஆள் அனுப்புகிறார். எனக்கு என்ன நடக்கிறது என்று விளங்குவதற்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஏசின அட்டெண்டன்ட்தான் விடியும்வரை இரண்டு மூன்று தரம் வந்து என் காலைப் போர்த்திவிட்டுப் போனார். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது ஒரு சதம் கட்டவில்லை. அதனால்தான் இரண்டாவதுக்கும் வாயை மூடிக்கொண்டு அங்கேயே போனேன்.

பாஷைக்குப் பயப்படவேண்டாம். பக்கத்துக் கட்டிலில் மாளிகாவத்தை முஸ்லிம் அக்கா ஒருவர் இருந்தார், வார்ட் முழுக்க அவர்தான் மொழிபெயர்ப்பு. ஆனாலும் நாலு வசனம் பாடமாக்கி வையுங்கள்: ரிதெனவா என்றால் நோகுது, வத்துர கியா என்றால் தண்ணீர் உடைந்துவிட்டது, லே யனவா என்றால் இரத்தம் போகிறது, பபா ஹெல்லென்னே நே என்றால் பிள்ளை அசையவில்லை. அவர்கள் ஹுஸ்ம கன்ன என்று சொன்னால் மூச்சை இழுக்கச் சொல்கிறார்கள். இது போதும்.

கொட்டாஞ்சேனை அப்பா:

ஆண் பதில் போடலாமா தெரியாது, போடுகிறேன்.

நாங்கள் பிரைவேட்டுக்குத்தான் போனோம். பேக்கேஜ் விலையைக் காட்டினார்கள், கைக்கெட்டின விலைதான், அறை சுத்தம், நர்ஸ்மார் சிரித்த முகம், மனைவிக்குச் சந்தோஷம். 34ஆவது கிழமையில் திடீரென்று தண்ணீர் உடைந்து பிள்ளை பிறந்துவிட்டது, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டது. அப்போதுதான் பேக்கேஜ் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மட்டும்தான் அந்த விலை. சிசேரியன் என்றால் வேறு விலை, பிள்ளையை விசேட பிரிவில் வைத்தால் நாளுக்கு நாள் வேறு கணக்கு, பிள்ளை டொக்டர் ஒவ்வொரு தரம் எட்டிப் பார்ப்பதற்கும் வேறு கணக்கு. இரண்டாவது நாள் பில்லைப் பார்த்துவிட்டு நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது நாள் பிள்ளையை அம்பியூலன்ஸில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வெட்டின காயத்தோடு மனைவி ஓரிடம், பிள்ளை ஓரிடம். தாய்ப்பாலைப் போத்தலில் எடுத்து, ஐஸ் வைத்த பையில் போட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கனத்தைச் சந்தியைத் தாண்டி த்ரீவீலரில் கொண்டு ஓடினேன். அந்த த்ரீவீல்காரர் மூன்றாம் நாள் காசு வாங்க மறுத்துவிட்டார். அரசாங்க பிபியூவில், அதாவது குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில், பிள்ளையைப் பார்த்த விதத்துக்கு நான் கோயில் கட்டவேண்டும். இப்போது மூன்று வயது, வீட்டில் ஒரு சாமான் மிச்சமில்லை.

பிரைவேட் கூடாது என்று சொல்ல வரவில்லை. பிள்ளைக்கு ஏதும் என்றால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, அனுப்புவீர்களா, நாளுக்கு எவ்வளவு என்று முதலே கேளுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் பிரசவத்துக்கு எவ்வளவு மட்டும் தருவார்கள், எடுத்து எத்தனை மாதத்துக்குப் பிறகு என்றும் பாருங்கள்.

சும்மா ஒருத்தி:

மாமி சொல்கிற ஆஸ்பத்திரியின் பில்லை மாமியா கட்டப்போகிறார்? அதை முதல் கேளுங்கள், பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

பழைய மிஸ்:

நான் லேபர் ரூமில் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டுப் பென்ஷன் எடுத்தவள். அரசாங்கத்தில் இருந்தவள் என்பதால் பக்கம் சாய்வேன், அதையும் மனதில் வைத்து வாசியுங்கள்.

பிள்ளை, நீங்கள் பின்னேரம் சனல் பண்ணுகிற விஓஜி காலையில் எங்கே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? அநேகமாக ஏதோ ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் இருப்பார். ஆகவே டொக்டர் நல்லவரா என்பதில்லை கேள்வி, டொக்டர் ஒருவர்தான். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டிடத்துக்குள் யார் முழித்திருப்பார்கள், அதைக் கேளுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சின்ன டொக்டரான ஹவுஸ் ஒபிசரிலிருந்து விசேட பயிற்சியில் இருக்கிற ரெஜிஸ்ட்ரார் வரை உள்ளே இருப்பார்கள், மயக்க மருந்து டொக்டர் இருப்பார், இரத்த வங்கி இருக்கும். பிரைவேட்டில் ஒரு டொக்டர் இருப்பார், உங்கள் விஓஜி வீட்டிலிருந்து வரவேண்டும். சில இடங்களில் மயக்க மருந்து டொக்டரும் அப்படித்தான். நடு இரவில் ரோட்டில் ஆளில்லை, கெதியாக வந்துவிடுவார்கள்தான். ஆனால் மேலே அந்த அக்கா எழுதியது போல இரத்தம் போனால் கெதி என்பது போதாது. தியேட்டரை எத்தனை நிமிடத்தில் திறப்பீர்கள் என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்களா, "அதெல்லாம் பயப்பட வேண்டாம்" என்கிறார்களா என்று பாருங்கள்.

அரசாங்கம் என்றதும் எல்லோரும் பொரளைக்குத்தான் ஓடுகிறார்கள். டி சொய்சா பெண்கள் ஆஸ்பத்திரி 1879இல் தொடங்கியது, சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா தான் வளர்ந்த வீட்டையே பிரசவத்துக்கென்று கொடுத்தார். காசல் வீதி ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தான், பிள்ளைகளுக்கான லேடி ரிஜ்வேயும் பக்கத்தில். நல்ல இடங்கள், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. அதுவும் போதனா வைத்தியசாலை, பிரசவப் பிரிவும் பிபியூவும் இருக்கின்றன. அரசாங்கத்துக்கும் பிரைவேட்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர ஆஸ்பத்திரி இருக்கிறது, 1984இல் ஜப்பான் கட்டிக் கொடுத்தது. அங்கே காசு உண்டு, பிரைவேட் அளவுக்கு இல்லை. பிரைவேட்டுக்கே போவதென்றால் நாரஹேன்பிட்ட நைன்வெல்ஸ் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே இருப்பது. மற்றப் பெரிய பெயர்களும் தெரியும்தானே. எதுவானாலும் அதே இரண்டு மணிக் கேள்விதான்.

தூரத்துக்கு அவ்வளவு பயப்படவேண்டாம், முதல் பிள்ளைக்கு நோவு தொடங்கிப் பிறக்கப் பொதுவாக நேரம் எடுக்கும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து ஹவ்லொக் ரோட்டையும் தாண்டிப் போகலாம். இரத்தம் போனால், பிள்ளை அசைவு குறைந்தால், தாங்காத தலையிடியோடு கண் மங்கினால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. வாகனம் இல்லையா, 1990 அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும்.

சீனி டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 24ஆவது கிழமைக்கும் 28ஆவது கிழமைக்கும் இடையில் செய்வது, வெறும் வயிற்றில் போகவேண்டும், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துத் தருவார்கள், குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் இருக்கவேண்டும். அப்பாவுக்கு இருக்கிறது என்பதால் உங்களுக்கு இது முக்கியம். அதன் பதில் வந்த பிறகுதான் எங்கே பெறுவது என்ற பேச்சே. சீனி இருந்தால் பிள்ளை டொக்டரும் பக்கத்தில் இருக்கிற இடம்தான் வேண்டும், மெனு கார்ட் இல்லை.

யாழ்ப்பாணம் போவதில் பிழை இல்லை, பெரியாஸ்பத்திரி நல்ல இடம். போவதென்றால் நேரத்தோடு போய் அங்கே கிளினிக்கில் காட்டுங்கள், எச் 512 என்ற கர்ப்பிணி அட்டையையும் எல்லா ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். கடைசி மாதத்தில் நைட் பஸ்ஸில் ஏறுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பிரைவேட்டில் பெற்றாலும் குடும்பநல மிஸ்ஸின் பதிவை விடவேண்டாம். பிறந்து பத்து நாளுக்குள் வீட்டுக்கு வந்து தையலையும் தொப்புளையும் பால் கொடுப்பதையும் பார்ப்பது அவர்தான். எந்தப் பிரைவேட்டும் உங்கள் வீட்டுப் படி ஏறி வராது.

தெமட்டகொட அக்கா:

மிஸ், லேபர் ரூமுக்குள் கூட ஆள் விடுவார்களா என்பதை நீங்கள் சொல்லவில்லையே, தங்கச்சியின் பெரிய பயமே அதுதான்.

பழைய மிஸ்:

சில அரசாங்க இடங்களில் ஒரு பெண் துணையை விடுகிறார்கள், அம்மாவோ அக்காவோ. புருஷனை விடுவது இடத்தைப் பொறுத்தது, தனித்தனி மறைப்பு இல்லாத லேபர் ரூமில் மற்றப் பெண்களும் இருப்பார்கள்தானே. கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். புருஷன் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும், வலி தெரியாமல் முதுகில் ஊசி வேண்டும் என்றால் பிரைவேட்தான் சுகம், அதை மறுக்கமாட்டேன். அதற்குக் காசு கொடுப்பதிலும் தப்பில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

பதிவு அனுபவம்:

ஒன்று எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பிறப்புப் பதிவு 42 நாளுக்குள், பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம். கல்யாணப் பதிவுத் துண்டு கையில் இருக்கட்டும். தமிழிலேயே நிரப்பக் கேளுங்கள், கையெழுத்து வைக்க முன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். எங்கள் மகளின் பெயரில் ழகரம் ளகரமாகிவிட்டது, அதைத் திருத்த நான் ஏறி இறங்கின படிகளை எண்ணினால் சிவனொளிபாத மலைக்கே போய் வந்திருப்பேன்.

வெள்ளவத்தை வாசி:

எல்லோருக்கும் நன்றி. வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒருவரோடும் இதைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை நானும் இவரும் மாமி சொன்ன இடத்துக்கே போனோம். அறை வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. இரவு இரண்டு மணிக் கேள்வியைக் கேட்டேன். அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளை சிரித்துக்கொண்டு "டொக்டர் வருவார் மிஸ்" என்றது. எவ்வளவு நேரத்தில் என்றேன். "கெதியா" என்றது. இவர் பிபியூ நாளுக்கு எவ்வளவு என்று கேட்டார், ஒரு பேப்பரைத் தந்தார்கள், வெளியே வந்து வாசித்துவிட்டு இவர் முதல் தடவையாக "உனக்கு எது விருப்பமோ" என்று சொல்லவில்லை.

அடுத்த கிளினிக்கில் விஓஜியிடம் நேரடியாகவே கேட்டேன், களுபோவில போகலாமா என்று. அவர் கோபிப்பார் என்று நினைத்தேன், "நல்லது, கடிதம் தருகிறேன்" என்றார். சீனி டெஸ்ட்டுக்கு அடுத்த வியாழன் திகதி. அது பிழையாக வந்தால் கடிதத்தில் அதையும் எழுதித் தருவாராம். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை, அதற்கு இவரை அனுப்பப்போகிறேன்.

அம்மா நான் வரவில்லை என்றதும் அழுதார். பிறகு தான் வருகிறேன் என்றார், லேபர் ரூமுக்குள் விட்டால் தானே நிற்பாராம். ஒரே நிபந்தனை, பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குத்தூளை வெள்ளவத்தைக் கடையில் வாங்கக்கூடாதாம். தானே வறுத்து இடித்துக் கொண்டு வருகிறாராம், அனெக்ஸ்காரருக்கு மணம் பிடிக்குமா என்று இப்போதே கேட்டு வைக்கச் சொல்கிறார்.