கொழும்பில் மார்கழி, தை மாதத் தோட்டம்: அவசரமாக யோசனை தேவை

திருச்சிப் பெண்:
வணக்கம். கணவரின் வேலை மாற்றத்தால் அண்மையில்தான் வெள்ளவத்தைக்கு வந்தோம். ஊரில் இந்தக் குளிர் மாதங்களில் தக்காளியும் அவரையும் காய்த்துக் குலுங்கும். இங்கே நான் போட்ட தக்காளி நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. சாயங்காலமானால் மழை. தண்ணீர் ஒழுகுகிறது என்று கீழ்வீட்டாரும் சத்தம் போடுகிறார்கள். பொங்கலுக்கு மாமியார் வருகிறார், கீரை இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அம்மாவை விதை அனுப்பச் சொல்லட்டுமா? இப்போது என்ன போடுவது?

பம்பலப்பிட்டி அண்ணா:
தங்கச்சி, முதலில் வீசா, வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் சென்னையிலிருந்து வந்தது 2022 இல். கேஸுக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை. வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த வருடம் அது. கைக்குழந்தையோடு நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. தோட்டமெல்லாம் பிறகு.

தெஹிவளை கோவைக்காரர்:
பிறகு இல்லை, இப்போதே தொடங்குங்கள். புது ஊரில் மனசு நிற்பதற்கு ஒரு தொட்டிச் செடி போதும். தக்காளியையும் விடாதீர்கள். மேலே பிளாஸ்டிக் கூரை போட்டால் வரும்.

பம்பலப்பிட்டி அண்ணா:
கூரையா? ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடுவதில்லை. முன்பணம் மட்டும் மொத்தமாக வேண்டும், குழாய் உடைந்தால் ஆளைக் காணோம்.

தெஹிவளை கோவைக்காரர்:
எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான். லிஃப்ட் நின்றால் கேட்க ஆளில்லை.

வெள்ளவத்தை அக்கா:
வீட்டுக்காரர் கதை இருக்கட்டும். பிள்ளை, உங்கட பால்கனி எந்தப் பக்கம் பார்த்தது? அதைச் சொல்லவே இல்லை. புரட்டாதியிலிருந்து பங்குனி வரை இங்கே சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். தெற்குப் பால்கனிக்கு இப்போது நல்ல வெயில். சித்திரை தாண்டினால் வெயில் வடக்குப் பக்கம் போய்விடும். வடக்குப் பால்கனி என்றால் இப்போது வல்லாரை மாதிரி நிழல் தாங்குகிறதை மட்டும் வையுங்கோ.

திருச்சிப் பெண்:
மன்னிக்கவும் அக்கா. மூன்றாம் மாடி, தெற்குப் பக்கம். ஓரமாகக் கடல் தெரியும்.

வெள்ளவத்தை அக்கா:
நல்லது. இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் தரைப்பக்கமிருந்து வரும், உப்புக்காற்றின் தொல்லை குறைவு. வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கினால்தான் இலை கருகும். அதற்குள் எடுக்கக்கூடியதைப் போடுங்கோ.

தக்காளியை இந்த முறை விடுங்கோ. தை மாத இரவிலும் வெப்பம் சராசரியாக 22 பாகை (டிகிரி) அளவில் இருக்கும், பூ உதிரும். ஈர மண்ணில் வாடல் நோயும் வரும். கங்குன் கீரை விதை போட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுக்கலாம், பொங்கலுக்குச் சரியாக இருக்கும். பொன்னாங்காணியும் பசளியும் சந்தையில் கட்டாக வாங்கி, இலையைச் சமைத்துவிட்டுத் தண்டை நடுங்கோ. வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கொச்சிக்காய்க்கு, அதாவது மிளகாய்க்கு, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மண்ணோடு தும்புத்தூளும் (தேங்காய் நார்த்தூள்) கூட்டெருவும் (மக்கிய உரம்) கலந்தால் தண்ணீர் தேங்காது.

தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டில் மணல் நிரப்புங்கோ. கீழ்வீட்டுக்கு ஒழுகாது, நுளம்பும் (கொசுவும்) முட்டை போடாது. இது டெங்குக் காலம், பரிசோதகர்கள் வீடு வீடாக வருவார்கள். நுளம்பு பெருக விட்டால் 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போடலாம்.

விதையை அம்மாவிடம் கேட்க வேண்டாம். இறக்குமதி அனுமதி இல்லாமல் தபாலில் வந்தால் பிடித்துவிடுவார்கள். இங்கேயே எல்லாம் கிடைக்கும். செடிக்கு நோய் என்றால் 1920 க்கு அழையுங்கோ, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம், தமிழில் கேட்கலாம்.

திருச்சிப் பெண்:
ரொம்ப நன்றி அக்கா. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முருங்கை தொட்டியில் வருமா?

வெள்ளவத்தை அக்கா:
வரும், பெரிய வாளியாக இருக்க வேண்டும். இந்த மழையில் தடி நட்டால் அழுகும். தை பிறந்து மழை குறைந்ததும் நட்டு, நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கோ. எங்கட வீட்டு மரத்திலிருந்து ஒரு தடி தருகிறேன்.